பூனைராஜா இறங்கி வந்த கதை

ஒரே ஒரு ஊர்ல, மழையும் மலையும் விட்டுப் பிரியாத மலாயா தேசத்துப் பகாங் காட்டோரத்துல, செங்கமலம்னு ஒருத்தி இருந்தா. அவளுக்குன்னு இருந்தது ஒரு குடிசை, ஒரு டுரியான் மரம், ஊருக்கே கேக்குற வாய். அந்தப் பழம் இருக்கே, வெளிய முள்ளு, உள்ள மஞ்சமஞ்சேள்னு வெண்ணெய் மாதிரி சுளை. புனுகுப்பூனை மோப்பம் புடிச்சு முதல் ஆளா வந்து நிக்கும். அதனால அந்தப் பழத்துக்குப் பேரு பூனைராஜா. என்ன, நாக்கு ஊறுதா? ஊறட்டும், ஊறட்டும்.

பக்கத்துத் தோட்டம் சிங்காரத்தோடது. ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடுற ஓடைதான் எல்லை. ஒரு வருசம் வெள்ளம் வந்து, ஓடை தடம் மாறி, மரத்துக்கும் அவ குடிசைக்கும் நடுவுல ஓட ஆரம்பிச்சிடுச்சு. மறுநாளே மீசையை முறுக்கிக்கிட்டு வந்துட்டாரு சிங்காரம்.

"ஏ புள்ள, ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்கிறதெல்லாம் என்னுது. மரமும் என்னுது."

"ஓ! நாளைக்கு ஓடை உங்க வீட்டையும் தாண்டி ஓடுச்சுன்னா, உங்க கட்டில்ல வந்து நான் படுத்துக்கலாமாண்ணே?"

அந்த மரம் போனா அவளுக்கு அடுப்பு எரியாது. ஆனாலும் அவ அழல. நேரா ராஜாகிட்ட போயிட்டா. ராஜாவுக்குப் பழம்னா உசிரு. யானை மேல ஏறி ஓடி வந்துட்டாரு.

"மரம் என்னுதுன்னு சொல்ற ரெண்டு பேரும் இன்னிக்கே எனக்குப் பழம் குடுங்க. நான் தின்னு பாத்துச் சொல்றேன்."

சிங்காரம் உடனே தொரட்டியைத் தூக்கினாரு, இருக்கிறதுலயே பெரிய பழத்தை இழுத்தாரு, பறிச்சாரு, வெட்டினாரு. ராஜா கடிச்சாரு பாரு, கடக்! சுளை வெளுத்துப் போயி கட்டை மாதிரி இருந்துச்சு.

"ஐயோ என் பல்லு! ஏம்மா, உன் பழம் எங்க?"

"மேல இருக்கு, மகாராஜா. விழும்."

கொஞ்ச நேரம் போச்சு. "விழலையே?" "விழும், மகாராஜா."

வெயில் சாஞ்சுது. "விழலையேம்மா?" "விழும், மகாராஜா."

யானையே கொட்டாவி விட்டுச்சு. "நான் ராஜா! என்னையே காக்க வைக்கிறியா?"

செங்கமலம் இடுப்புல கைய வச்சா. "அதுவும் ராஜாதானே! கூப்பிட்ட நேரத்துக்கு வருமா? பழுத்தா தானா இறங்கும். பூனைராஜாவைப் பறிக்கிறவன் ஒரு நாளும் அதை வளத்தவனா இருக்க மாட்டான். நீங்க மட்டும் நிழலை விட்டுத் தள்ளி உக்காருங்க."

ராஜா தள்ளிப் போனாரு. யானையும் தள்ளிப் போச்சு. சிங்காரம் போவாரா? "என் மரம், என் நிழல்"னு அடிமரத்துல சாஞ்சு, காலை நீட்டிக்கிட்டு, தலைப்பாவை அவுத்துப் பக்கத்துல வச்சுக்கிட்டாரு.

அப்ப காத்து ஒரு சுத்து சுத்துச்சு. மேல சரசரன்னு ஒரு சத்தம், அப்புறம் தொப்புனு விழுந்துச்சு! எங்கன்னு கேளுங்க. தலைப்பா மேல! தலைப்பாவைத் தரையோட சேத்து நசுக்கி, முள்ளால தச்சே போட்டுடுச்சு. சிங்காரம் "அய்யய்யோ, எம்மரம் என்னைக் கொல்லுது!"ன்னு தவளை மாதிரி தாவி ஓடையில விழுந்தாரு.

செங்கமலம் பழத்தைப் பொளந்தா. வாசம் ஊரைத் தூக்குச்சு. ராஜா ஒரு சுளை தின்னாரு, கண்ண மூடினாரு. ரெண்டாவது தின்னாரு, கிரீடத்தைக் கழட்டினாரு. மூணாவது தின்னாரு, விரலை நக்கினாரு. அவ அந்தத் தோலுக்குள்ளயே தண்ணி ஊத்தி நீட்டினா. "இதைக் குடிங்க, பழத்தோட சூடு அடங்கும்."

குடிச்சுட்டு ராஜா தீர்ப்பு சொன்னாரு: "காத்திருக்கத் தெரிஞ்சவளுக்கே மரம். டேய் சிங்காரம், இந்தப் பருவம் முழுக்க விழற பழத்தையெல்லாம் நீ பொறுக்கி இவகிட்ட குடுக்கணும்!"

அன்னிலேருந்து சிங்காரம் தலையில அண்டாவைக் கவுத்துக்கிட்டு மரத்தடியில நடந்தாரு. டங்குனு ஒரு சத்தம் கேக்கும். "அண்ணே, பழமா, தலையா?"ன்னு குடிசையிலேருந்து ஒரு குரல் வரும்.

அடுத்தவங்க மரத்துக்கு ஆசைப்பட்டா, அண்டாதான் கிரீடம். கதையும் பழுத்துச்சு, காம்பும் விட்டுச்சு. பொறுக்கிக்கிட்டுப் போயித் தூங்குங்க.