நூறு முட்டையும் ஒரு மடியும்

ஒரு ஊர்ல ஒரு முட்டை உரிய மாட்டேன்னு அடம் பிடிச்சுச்சு. ஓட்டை இழுத்தா வெள்ளையும் சேர்ந்து பிச்சுக்கிட்டு வருது, பர்ர்ர்க்குனு. அதைக் கையில வச்சுக்கிட்டு அடுப்படியில ஒருத்தன் முழிச்சுக்கிட்டு நிக்கிறான். பேரு பவுன்ராஜ். எலி கடிச்ச மாதிரி பத்து முட்டை அவன் தட்டுல கெடக்கு. அவிக்க இன்னும் நூத்திப்பத்து இருக்கு.

ம் சொல்லு. சொல்லலேன்னா கதைய நிறுத்திருவேன்.

அன்னைக்கு மத்தியானம் அவன் அக்கா பேச்சியம்மா மகளுக்குக் காதுகுத்து. பிரியாணி அக்கா வீட்ல வேகுது, முட்டை இவன் வீட்ல. அக்கா புது வீடு பால் காய்ச்சுனப்போ இவன் தூங்கிட்டான், போகல. ரெண்டு வருஷம் அவ பேசல. போன வாரம்தான் வந்து சொன்னா:

"தாய்மாமன் நீதான்டா. புள்ளைய உன் மடியிலதான் வைக்கணும். ஆனா இலைக்கு ஒரு முட்டை, முழுசா, நூறு இலைக்கு வரணும். இதுலயும் கவுத்தேன்னா, சித்தப்பா மகன் கருத்தபாண்டி மடியில உக்கார வச்சிருவேன்."

அவனுக்கு அந்த மடி வேணும். அவ்ளோதான்.

அப்புறம் என்ன பண்ணான், உப்பு அள்ளிப் போட்டு இன்னொரு பத்து அவிச்சான். லொட லொட லொட. எடுத்து உரிச்சான். பர்ர்ர்க். அதுவும் போச்சு. இப்போ மிச்சம் சரியா நூறு. இனிமே ஒண்ணு கிழிஞ்சாலும் மடி கருத்தபாண்டிக்கு.

அப்போ பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்கா ஜன்னல்ல எட்டிப் பார்த்துச்சு.

"எப்படா வாங்குன முட்டை?"

"காலையிலதான்க்கா. பண்ணைக்கே போயி, கோழி போட்ட சூடு ஆறாததா பார்த்து எடுத்தேன்."

"அட கூறுகெட்டவனே! புது முட்டை ஓட்டை விடாதுடா. ஒரு வாரம் கெடந்ததுதான் வழவழன்னு உரியும்."

"அப்போ அடுத்த வாரம் காது குத்தச் சொல்லவா?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பச்சத் தண்ணியில போட்டுக் கொதிக்க வைக்காத. இட்லிக் கொப்பரைய ஏத்து. ஆவி குபுகுபுன்னு வந்தப்புறம் முட்டைய உள்ள வை. சூடு சுரீர்னு பட்டா தன்னால விட்ரும்."

ம்?

அப்புறம் கொப்பரைய ஏத்தினான். உஸ்ஸ்ஸ்... ஆவி வந்துச்சு. இருபத்தஞ்சு முட்டைய அடுக்கி மூடினான். கால் மணி நேரம் கழிச்சு எடுத்துப் பச்சத் தண்ணியில போட்டான், சொய்ங். ஒண்ணை எடுத்தான். தட்டுனான், டொக். உருட்டுனான், சரக் சரக். இழுத்தான்... குல்லா மாதிரி ஓடு கழண்டு வந்துச்சு! உள்ள பளபளன்னு முழு முட்டை.

அப்புறம் அடுத்த ஈடு. டொக், சரக், வழுக். அப்புறம் அடுத்த ஈடு. டொக்... சரக்... வழுக். நாலு ஈடு முடியறதுக்குள்ள நகக்கண்ணெல்லாம் ஓடு குத்தி எரிஞ்சுது. அவசரப்படல. நூறும் முழுசு.

அண்டாவைத் தூக்கிட்டுப் போனான். பேச்சியம்மா ஒண்ணை எடுத்து, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தா.

"எந்தக் கடையில உரிச்சு வாங்குன?"

"நான்தான்க்கா உரிச்சேன்." விரலைக் காட்டினான்.

அவன் தோள்ல கெடந்த ஓட்டுத் துணுக்கைத் தட்டிவிட்டா. "மணையில போயி உக்காருடா. உன் மருமக அழுறா."

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அவன் சம்மணம் போட்டு உக்கார்ந்தான். மூணு வயசு தன்ஷிகா மடியில வந்து உக்கார்ந்தா, கொதிக்கிற கொப்பரை மாதிரி நடுங்கிக்கிட்டு. ஆசாரி ஊசிய எடுத்தார். "மாமா, புள்ள கையை ரெண்டையும் இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. விட்றாதீங்க." அக்காவும் சொன்னா, "விட்றாதடா."

சுருக். ஒரு காது. சுருக். இன்னொண்ணு. கதை படுத்தாச்சு, நீயும் படு.

என்ன? மாமன் புள்ள கையைப் பிடிச்சானான்னா? பிடிக்கல. புள்ளதான் அவன் ரெண்டு கட்டை விரலையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. அவன் பிடிக்கவே இல்ல.