சைக்கிளில் ஏறுவதற்கு முன்

கிறிஸ்துதாஸ் உட்காரவில்லை. சிலம்பக் களரியின் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"உடம்பைத் தயார் பண்ண எத்தனை நாள் ஆகும் ஆசானே?"

தாணு ஆசான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஆரல்வாய்மொழியில் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவர் அவர். சுளுக்கு, தசைப்பிடிப்பு என்று வருகிறவர்களுக்கு நீவியும் விடுவார். கிறிஸ்துதாஸைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். இருந்தாலும் ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ஆசான்தான்.

"எதுக்குத் தயார் பண்ணணும் அண்ணாச்சி?"

"சைக்கிளுக்கு. விடியறதுக்கு முன்னாடி கிளம்பி நாகர்கோவில் வரைக்கும் மிதிக்கணும். ஆஸ்பத்திரியில காலை ஷிப்ட்."

"பஸ் இருக்குல்லா?"

"பஸ் வேண்டாம்."

சொல்லிவிட்டு செல்போனை எடுத்து மணி பார்த்தார். சட்டைப்பையில் போட்டார். உடனே மறுபடியும் எடுத்தார்.

ஆடி மாதம். கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று மரங்களையே ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தது. நாகர்கோவில் போகிறவனுக்கு வழி முழுக்க எதிர்காற்று. கிறிஸ்துதாஸ் கிளம்புவார், பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பார். தோவாளை பூச்சந்தை வருவதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளைச் சந்தையிலேயே போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே பஸ் ஏறுவார். ஒவ்வொரு நாளும் இதே கதை.

"எண்ணெயோ கஷாயமோ பயிற்சியோ, எதுன்னாலும் சொல்லுங்க. சீக்கிரம் ஆகணும்."

"நாளைக்குக் காலையில சைக்கிளோட வாங்க" என்றார் ஆசான்.

மறுநாள் ஆசான் கதவைத் திறந்தபோது, கிறிஸ்துதாஸ் அந்தக் கதவுக்கு வெளியே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். இருட்டு இன்னும் பிரியவில்லை.

"உக்காருங்க. காலை நீட்டுங்க."

நீட்டினார். ஆசான் கட்டைவிரலால் கெண்டைக்காலை அழுத்தினார். கல் மாதிரி இருந்தது.

"ஏன் இப்படி இறுகியிருக்கு?"

"காத்து ஆசானே. எதிர்காத்துல மிதிச்சா இறுகத்தானே செய்யும்?"

"வீட்டிலேர்ந்து மிதிச்சா வந்தீங்க?"

"இல்ல. இந்தா இருக்கிற தூரம். உருட்டிக்கிட்டுதான் வந்தேன்."

"அப்ப நீங்க இன்னும் ஏறவே இல்லியே அண்ணாச்சி."

கிறிஸ்துதாஸ் தன் காலைப் பார்த்தார்.

"கணுக்காலைச் சுத்துங்க" என்றார் ஆசான்.

அவர் விறுவிறுவென்று சுற்றினார்.

"அது கணுக்காலு. மலையடிவாரத்துக் காத்தாலை இல்ல. மெதுவா."

மெதுவாகச் சுற்ற அவரால் முடியவில்லை. நான்கைந்து சுற்று போனதும் வேகம் தானாக ஏறியது. முட்டி துடித்தது. கண் வாசலில் நின்ற சைக்கிளுக்குப் போய்விட்டு வந்தது.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டா சர்க்கரை ஏறிரும். மாத்திரை மட்டும் போட்டேன்."

"அப்ப இன்னைக்கு மிதிக்க வேண்டாம்."

"போகணும் ஆசானே."

போய்விட்டார்.

அன்று தோவாளை வரைகூடப் போகவில்லை. சந்தை விளக்குகள் தெரிய ஆரம்பித்த இடத்தில் கை நடுங்கியது. நெற்றியில் வேர்வை ஊற்றியது. வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்தன. சைக்கிளோடு சரிந்து சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிச்சிப்பூ மூட்டையோடு வந்த ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள். பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி நீட்டினாள்.

"சீனி போட்டதா?" என்று கேட்டார்.

"போட்டதுதான்."

"வேண்டாம்மா."

"முதல்ல குடிங்க. வேணுமா வேண்டாமான்னு பொறவு பேசுவோம்."

குடித்தார். இறங்கியிருந்த சர்க்கரை ஏற, கொஞ்ச நேரத்தில் விளக்குகள் தனித்தனியாகத் தெரிந்தன.

ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது ரெஜினா டீச்சர் கட்டிலில் காத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக முதல் ஆளாக வருகிறவள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கையில் ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாயில் ஊசி ஏற்றி, அவளை டயாலிசிஸ் மெஷினோடு இணைப்பது கிறிஸ்துதாஸின் வேலை. வருஷக்கணக்காக அவர்தான் ஏற்றுகிறார். அவர் வைத்தால் வலிக்காது என்று மற்றவர்களிடம் சொல்கிறவள் அவள்.

அன்றைக்கு ஊசி குழாயைத் தாண்டிப் போயிற்று. கை வீங்கியது.

அவள் சத்தம் போடவில்லை. ஐஸ் ஒத்தடத்தைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணா, முன்னெல்லாம் பேசிக்கிட்டேதான் போடுவீங்க. கொஞ்ச நாளா என் முகத்தையே பாக்க மாட்டேங்கிறீங்க. நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?"

கிறிஸ்துதாஸ் இன்னொருவரை ஊசி போடச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

சாயங்காலம் களரிக்கு வந்தவர் யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். பிறகு, வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றையும் சொன்னார்.

"போன மாசம் எனக்கே டெஸ்ட் எடுத்தாங்க ஆசானே. சர்க்கரை கிட்னியைத் தொட ஆரம்பிச்சிருக்கு. 'நல்லா சைக்கிள் ஓட்டுங்க தாஸ், இல்லேன்னா...' அப்படீன்னு டாக்டர் டயாலிசிஸ் கட்டிலைப் பாத்தாரு. மேல ஒண்ணும் சொல்லல. அன்னையிலேர்ந்து அந்தக் கட்டில் எனக்குப் பின்னாலயே வருது. தூங்க முடியல. மிதிச்சாலும் வருது."

ஆசான் கேட்டார்.

"டீச்சருக்கு ஊசி போடுறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"இன்னைக்கா?"

"முன்னெல்லாம்."

கிறிஸ்துதாஸ் யோசித்தார். தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு கையையும் தேச்சுச் சூடு பண்ணுவேன். அவங்க கையில வைப்பேன். அந்த இடத்துல உள்ளுக்குள்ள ஒரு அதிர்வு இருக்கும், பூனையைத் தடவினா கேக்குமே, அதுமாதிரி. அது விரலுக்குத் தெரியற வரைக்கும் காத்திருப்பேன். ராத்திரி தூக்கம் வந்துதா, கால் வீக்கம் இருக்கான்னு கேப்பேன். பொறவுதான் ஊசி."

"கேக்காம, தொடாம போட்டா?"

"போடலாம். அந்தக் கை நம்மகிட்ட வராது. முரண்டும்."

"செரி" என்றார் ஆசான். எழுந்து விளக்கைப் போட்டார். சிலம்பக் கம்பைத் துடைக்க ஆரம்பித்தார். வைத்தியம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருந்துவிட்டு, எரிச்சலோடுதான் கிறிஸ்துதாஸ் வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் நாள் விடிகாலையில் எழுந்ததும் வழக்கம்போலக் கை செல்போனுக்குப் போனது. பாதியில் நின்றது. கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்தார். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு இரண்டு முட்டிகளின் மேலும் வைத்தார். தோல் சில்லென்று இருந்தது. முட்டியிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் மெல்ல இறக்கினார். இத்தனை வருஷத்தில் யார் யார் கையையெல்லாமோ தொட்டிருக்கிறார். இந்தக் காலை இப்படித் தொட்டதாக ஞாபகமில்லை.

"தூக்கம் வந்துதா?" என்று அந்தக் காலிடம் கேட்டார். கேட்டபிறகு வெட்கமாக இருந்தது. அடுக்களையில் விளக்கு போட்ட மனைவி தன்னைக் கேட்கிறார் என்று நினைத்து, "நமக்கென்ன, வந்துது. உங்களுக்குத்தான் வரல" என்றாள். அவள் கொடுத்த கஞ்சியை உட்கார்ந்து குடித்தார். கணுக்காலை மெதுவாகச் சுற்றினார்.

அன்றைக்கும் எதிர்காற்றுதான். தோவாளைக்கு முன்னால் கால் இறுகப் பார்த்தது. இறங்கினார். நீவிக்கொடுத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு பூவாசத்துக்கு நடுவே நடந்தார். வெள்ளமடம் தாண்டி மறுபடி ஏறினார். அப்படியே போய்ச் சேர்ந்தார். ரெஜினா டீச்சரின் கை வீக்கம் வடிந்திருந்தது. அவர் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லல டீச்சர். பயம் எனக்குத்தான் இருந்துது."

"எதுக்குண்ணா பயம்?"

"பொறவு சொல்லுதேன். ராத்திரி தூங்கினீங்களா?"

அவள் கையை நீட்டினாள்.

ஆவணி பிறந்தும் காற்று அடங்கவில்லை. சில நாள் முழுதும் மிதித்தார், சில நாள் பாதி தூரம் உருட்டினார். கால் பிடிப்பது குறைந்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஒன்று மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகக் களரிக்குப் போனார். ஆசான் தனியாகக் கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"எல்லாம் பண்ணுதேன். கணுக்காலைச் சுத்துதேன், சாப்பிடுதேன், மிதிக்கேன். இத்தனையும் பண்ணியும் ஒருநாள் அந்தக் கட்டில்ல போய்ப் படுக்க வேண்டி வந்துட்டா? இதெல்லாம் எதுக்கு?"

ஆசான் கம்பை நிறுத்தினார்.

"அங்கயும் இதே உடம்பைக் கூட்டிக்கிட்டுதானே அண்ணாச்சி போவீங்க."