தலைவர் கேட்ட அத்தாட்சி

குயிலிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று பஞ்சாயத்துத் தலைவர் வரதப்பன் கல்யாணப் பந்தலில் ஊர் முன்னால் சாதித்தார். மாப்பிள்ளை அவருடைய மைத்துனனாயிற்றே! பெண்ணைப் பெற்றவர்கள் பயந்து தலையாட்டினார்கள்.

குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் சம்பளமில்லாமல் உழைக்கும் அமலோற்பவம் மட்டும், "கல்யாண வயசு ஆகலைங்க" என்றாள்.

"அப்படியா? நான் இந்தக் காபியைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அத்தாட்சி காட்டு, கல்யாணத்தையே நிறுத்திடறேன்!"

அவள் தெருமுனையைக் காட்டினாள். "போன வாரம் நீங்க வச்ச பேனர்தாங்க தலைவரே. 'பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற பதினைந்து வயதுச் சாதனைச் செல்வி குயிலியை வாழ்த்தும் வரதப்பன்.' உங்க படம்தான் பெருசு. இருந்தாலும் எழுத்தும் தெரியுதுங்க."

ஊரே சிரித்தது. கல்யாணம் நின்றது.

குயிலி இப்போது பிளஸ் ஒன். அவள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம், அமலோற்பவம் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அன்றைக்குப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றவர்களில் நானும் ஒருத்தி.