மூப்பர் பதவிக்கு முதல் பாடம்

மருதங்குளம் ராஜாவுக்குக் காது இரண்டுதான். இரண்டையும் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அரண்மனை உக்கிராணக்காரர் தனக்கோடி. ஊருக்கு அளக்கும் நெல்லும் பருப்பும் அவர் பூட்டுக்குள் இருந்தன. அதனால் அவரைக் கண்டாலே எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

அந்த ஊர்க் கிறிஸ்தவ சபையில் மூப்பர் பதவி காலியானது. ஏழை பாழைகளைக் கவனிப்பது, நோயாளியைப் பார்ப்பது, சண்டையைத் தீர்ப்பது, இதெல்லாம் மூப்பர் வேலை. தனக்கோடிக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். முன்வரிசைப் பாய் மட்டும் வேண்டும்!

"வருஷக்கணக்கில் பழக்கி, குணம் பார்த்து, சபையார் சம்மதம் கேட்டுத்தான் மூப்பரை வைப்போம்" என்றார் போதகர்.

தனக்கோடி விடுவாரா? ராஜா காதில் ஓதினார். உத்தரவு பறந்தது. "வருகிற ஞாயிற்றுக்கிழமை தனக்கோடிதான் மூப்பர். இல்லாவிட்டால் சபைக் கோயிலுக்குப் பூட்டு!"

போதகருக்குச் சோறு இறங்கவில்லை. மந்திரி மாசிலாமணியிடம் ஓடினார். அவரும் அதே சபைக்காரர்தான், பெரிய குறும்புக்காரர்.

"மந்திரியாரே, சபையில் எவன் எழுந்து நின்று வேண்டாம் என்பான்? மறுநாள் அவன் வீட்டு அடுப்பு எரியுமா?"

"எழுந்திருக்கச் சொன்னால்தானே பயம், ஐயா? உட்காரச் சொல்லுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அடுத்து மாசிலாமணி அரண்மனைக்குப் போனார். "மகாராஜா, தங்கள் முன்னிலையில் பதவியேற்றால் தனக்கோடிக்கு எவ்வளவு பெருமை!" ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராஜா வந்தார். அவருக்கு முன்பே அவர் நாற்காலி வந்துவிட்டது. பாயில் இருந்த சபை மொத்தமும் எழுந்து நின்றது. ராஜா முன் குடிகள் உட்காருவது உண்டா என்ன?

போதகர் சொன்னார். "தனக்கோடி மூப்பராகச் சம்மதிக்கிறவர்கள் உட்காரலாம்."

தனக்கோடி பொத்தென்று உட்கார்ந்தார். வேறு ஒருவரும் அசையவில்லை.

"எனக்காகவா நிற்கிறீர்கள்? மரியாதை போதும், உட்காருங்கள்!" என்றார் ராஜா.

"மூட்டுவலி மகாராஜா, மடக்குனா நிமிராது" என்றார் ஒரு கிழவர்.

"புதுவேட்டி மகாராஜா, கசங்கிரும்" என்றான் ஒருவன்.

"தோள்ல பிள்ளை தூங்குது மகாராஜா, முழிச்சா விடாது" என்றாள் ஒருத்தி.

ராஜாவின் மீசை துடித்தது. தனக்கோடியின் மனைவி அன்னப்பழமும் நின்றுகொண்டிருந்தாள்.

"நீயுமா அம்மா? உனக்கு என்ன வலி?"

"வலி ஒண்ணுமில்ல, மகாராஜா. அவுக இருக்கிற இடத்துல நான் உக்காந்து பழக்கமில்ல."

பாவம், அதை அவள் புகாராகக்கூடச் சொல்லவில்லை. ராஜா தலை குனிந்தார்.

மாசிலாமணி மெல்ல முன்னே வந்தார். "மகாராஜா, ஊர்வலத்துக்கு விடுமுன் யானையையே பழக்குகிறோமே, மூப்பரைப் பழக்க வேண்டாமா?"

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "கோயிலுக்குப் பூட்டு வேண்டாம், என் காதுக்குத்தான் வேண்டும்! பழக்குங்கள் இவரை. மாசிலாமணி, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"தாங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி."

"உமக்கா?"

"அன்னப்பழத்தம்மாளுக்கு. தனக்கோடி அதைத் தலையில் சுமந்து போகட்டும். அம்மாவை அதில் உட்காரவைத்துத் தம் கையால் சோறு பரிமாறட்டும். மூப்பர் பயிற்சிக்கு அதுதான் முதல் பாடம்."

ராஜா எழுந்துகொண்டார். தனக்கோடி முக்கி முனகி நாற்காலியைத் தலையில் ஏற்றினார். பின்னாலிருந்து அன்னப்பழத்தின் குரல் கேட்டது.

"பாத்துப் போங்க, மூப்பரே! வாசல் நிலையில இடிச்சிராதீங்க!"

சிரிப்புத் தாங்காமல் முதலில் சப்பணமிட்டு உட்கார்ந்தவர் அந்த மூட்டுவலிக் கிழவர்தான்.