சுவருக்குப் பதிலாக ஒரு கை

பாளையங்கோட்டையில் ஒரு குடியிருப்பின் சங்கத் தலைவர் வைகுண்டமூர்த்தி. மின்சாரக் கார் வாங்கிய அன்று அக்கம்பக்கத்தாரை எல்லாம் பார்க்க அழைத்திருந்தார். சார்ஜில் போட்ட கொஞ்ச நேரத்தில் வீட்டு பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றது. தூக்கிவிட்டார், மறுபடியும் விழுந்தது. எலக்ட்ரீஷியன் செண்பகவல்லியை வரச்சொன்னார்.

அவள் பிரேக்கர் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"கார் முப்பத்திரண்டு ஆம்பியர் இழுக்குது சார். பிரேக்கர் இருபதுதான் தாங்கும். சுவருக்குள்ள போற வயரும் அதுக்கேத்த மெல்லிசு. ரெண்டையும் மாத்தணும்."

"சுவரை உடைக்க விடமாட்டேன். நாற்பது ஆம்பியர் பிரேக்கர் மட்டும் போடு. வயருக்கு ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன். முடியாதுன்னா இங்கே எந்த வீட்டிலும் உனக்கு வேலை கிடையாது."

"போட்டுடறேன் சார். ஒரே ஒரு உதவி. சார்ஜ் ஏறி முடியற வரைக்கும் பெட்டியில தெரியற இந்த வயரை நீங்க கையில பிடிச்சிருக்கணும்."

"நான் எதுக்குப் பிடிக்கணும்?"

"உள்ளே வயர் கொதிச்சா சுவருக்கு வாய் கிடையாது சார். நீங்கன்னா சொல்லிருவீங்க."

கூட்டம் முழுவதும் அவர் கையைப் பார்த்தது. அவர் அதை மெல்ல சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"ஏழு மணி நேரம் சார்."

மறுநாள் காலை செண்பகவல்லி சுவரைக் கொத்தித் தடித்த வயரை இழுத்தாள். அதற்குள் நான்கு வீட்டார் தங்கள் பெட்டியையும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வாசலில் வைகுண்டமூர்த்தி ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: "முதல்ல வயரை மாத்தும்மான்னு நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"ஆமா சார்," என்றாள் அவள், சுத்தியலை நிறுத்தாமல்.