பகலில் தாழ்ப்பாள் போட்ட கீரி

கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்.

இருட்டிய பிறகு நாணல் குளத்தங்கரையில் இப்படி ஒரு சத்தம் கேட்டது. ஒரு தடவை இல்லை. விட்டு விட்டு, இரவு முழுக்க.

புதருக்கடியில் காடை தன் ஆறு குஞ்சுகளையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆறும் இருக்கிறதா என்று எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். தலைவர் முயல் தன் வளைக்குள் தாழ்ப்பாளைப் போட்டார், கதவுக்கு முட்டாக ஒரு கல்லை உருட்டி வைத்தார், கல்லின் மேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். பூமிக்கு வயிற்றுவலி வந்திருக்கிறது என்றார் அவர். இல்லை, குளத்துக்குள்ளிருந்து பூதம் ஏறி வருகிறது என்றாள் அவர் மனைவி. அணில் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவன் முதல் சத்தத்திலேயே மயங்கிவிட்டான்.

விடிந்ததும் எல்லாரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு, சத்தம் வந்த திசையில் போனார்கள். யார் முதலில் போவது என்பதில் மட்டும் கொஞ்ச நேரம் தகராறு.

காவல் பாறையின் மேல் கீரி தங்கபுஷ்பம் மல்லாக்கப் படுத்திருந்தாள். வாய் திறந்திருந்தது.

கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்.

அவள்தான் குளத்தங்கரைக்கு இரவுக் காவல். எல்லாரும் புஷ்பக்கா என்பார்கள். பாம்பு வந்தால் விரட்ட வேண்டியவள் அவள். நேற்று பாம்பு வந்திருந்தது. காடை வீட்டு வாசலுக்கு இரண்டு சாண் தள்ளி, ஈர மணலில் அதன் தடம் நெளிந்து நெளிந்து போயிருந்தது. காடை அதைப் பார்த்தாள். குஞ்சுகளை இன்னொரு தடவை எண்ணினாள்.

உடனே கூட்டம் கூடியது. புஷ்பக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வேண்டுமென்று தூங்கவில்லை, பத்து நாளாகப் பகலில் கண்ணை மூட முடியவில்லை என்றாள். அவள் வீட்டுக்காரர் மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர், மழைக்குத்தான் வருவார். வீட்டில் மூன்று குட்டிகள். இரவெல்லாம் காவல், பகலெல்லாம் குட்டிகள்.

கூட்டத்தின் ஓரத்தில் காட்டுப்பூனை உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. அவன் மீசையை நீவிக்கொண்டே எழுந்தான்.

"பாவம், அக்காவுக்கு ரெஸ்ட் வேணும்," என்றான். "அந்த வேலையை நான் பார்க்கிறேனே. எனக்கு ராத்திரியில்தான் கண்ணு நல்லாத் தெரியும்."

ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். காவல்காரன் உள்ளே வந்து பிள்ளைகள் பத்திரமா என்று பார்க்க வேண்டும் இல்லையா? அதனால் இனிமேல் யாரும் இரவில் தாழ்ப்பாள் போடக் கூடாது. தாழ்ப்பாள் கட்டைகளை எல்லாம் அவனிடமே ஒப்படைத்துவிட வேண்டும்.

அது நியாயமாகத்தான் படுகிறது என்றார் தலைவர் முயல். அவருக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும். ஆனாலும் புஷ்பக்காவுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். இன்று ராத்திரி அவள் கண் அசந்தால், நாளையிலிருந்து காவல் பூனைக்கு.

புஷ்பக்கா வீட்டுக்கு வந்து குட்டிகளை உட்கார வைத்துச் சொன்னாள். "அம்மா இப்ப தூங்கியே ஆகணும். பொழுது சாயற வரைக்கும். புரியுதா?"

புரிந்தது என்று மூன்றும் தலையாட்டின. பெரியவள் வேம்பு, நடுவன் சுள்ளி, கடைக்குட்டி மொச்சை. அம்மாவைத் தூங்க வைக்கப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் மூன்றும் குதித்தன. குதித்த சத்தத்தில் அம்மா ஒரு தடவை எழுந்தாள்.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் அணில் வந்தான். நன்றாகத் தூங்க வேண்டும் அக்கா என்று சொல்லிவிட்டு, தான் மயங்கி விழுந்த கதையை ஆரம்பம் முதல் சொன்னான். அவன் போனதும் தலைவர் முயலின் மனைவி வந்தாள். தூங்குகிறாளா, எழுப்ப வேண்டாம், சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள். காடை, தூக்கத்துக்கு நல்லது என்று ஒரு கஷாயம் கொண்டுவந்து, ஆறுவதற்குள் குடி என்று எழுப்பிக் கொடுத்தாள்.

குட்டிகளும் சும்மா இருக்கவில்லை. மரங்கொத்தி கொத்தினால் அம்மா விழித்துக்கொள்வாள் என்று சுள்ளிக்குப் பயம். அதனால் வாசலில் நின்று, சத்தம் போடாதே என்று மரத்து உச்சிக்குக் கேட்கும்படி கத்தினான். மரங்கொத்தி அன்று ஊரிலேயே இல்லை. மொச்சைக்கு வேறு சந்தேகம். அம்மா உண்மையாகவே தூங்குகிறாளா? அவன் அம்மாவின் மேல் ஏறி, ஒரு இமையை விரலால் தூக்கிப் பார்த்தான்.

உள்ளேயிருந்து ஒரு கண் அவனைப் பார்த்தது.

"அம்மா, தூங்கிட்டியா?" என்றான் மொச்சை.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகு லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று வேம்புவுக்குத் தெரிந்தது.

வேம்பு யோசித்தாள். ஆட்கள் ஏன் வருகிறார்கள்? கதவு திறந்திருப்பதால் வருகிறார்கள். அப்படியானால் கதவைச் சாத்திவிட்டால் போயிற்று.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாணல் குளத்தங்கரையில் பகலில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். மழை பெய்தாலும் மாட்டார்கள். பகலில் ஒரு கதவு சாத்தியிருந்தால், அந்த வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். குட்டிகளுக்கு அது தெரியாது. புஷ்பக்கா காவலுக்கு வந்த பிறகு அங்கே யாரும் சாகவே இல்லை. பகலில் கதவை ஏன் சாத்தக் கூடாது என்று வேம்பு ஒரு தடவை கேட்டபோது, "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தாள்.

அம்மாவின் மூச்சு சீரானதும் வேம்பு தம்பிகளை வெளியே கூட்டிவந்தாள். கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினாள். மூன்று பேரும் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். குளத்துப் பள்ளிக்கூடத்தில் கொக்கு டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி, கையைக் கட்டி, விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டார்கள். யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்களுக்கு இன்று நாவல்பழம் கிடையாது என்பது ஒப்பந்தம்.

அணில் மறுபடியும் வந்தான். மயங்கிய கதையில் ஒரு பகுதியைச் சொல்ல மறந்திருந்தான். சாத்திய கதவைப் பார்த்தான். வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தான்.

"அம்மா எங்கே?" என்றான்.

யாரும் பேசவில்லை. சுள்ளி கண்ணால் கதவைக் காட்டினான். அம்மா எப்போது எழுந்திருப்பாள் என்று கேட்டதற்கு, இப்போதைக்கு இல்லை என்பதுபோல் வேம்பு தலையை ஆட்டினாள். மொச்சைக்கு வெகுநேரமாக ஒன்றுக்கு வந்துகொண்டிருந்தது. சொன்னால் நாவல்பழம் போய்விடும். அடக்கி அடக்கி அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

அணில் இன்னொரு தடவை மயங்கி விழுந்தான். எழுந்து ஓடினான்.

சற்று நேரத்தில் கரை முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. காடை தலைவிரி கோலமாக ஓடிவந்து தரையில் விழுந்தாள். நான் கொடுத்த கஷாயத்தைக் குடித்ததோடு போனாயே என்று ஆரம்பித்தாள். பிறகு அது தனக்கே வம்பாகும் என்று தோன்றவே, கஷாயத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லி அழுதாள். கொக்கு டீச்சர் வெள்ளை உடையில் வந்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு ஜெபம் சொன்னார். நடுவில் ஒரு மீன் துள்ளியது. ஜெபம் கொஞ்சம் நின்று, விழுங்கிவிட்டுத் தொடர்ந்தது. தவளைகள் மேளம் அடித்தன.

குட்டிகள் மூன்றும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. இத்தனை பேர் ஏன் அழுகிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் கேட்க முடியாது. நாவல்பழம்.

காட்டுப்பூனையும் வந்தான். எச்சிலைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டு, தலைவர் முயலின் தோளில் சாய்ந்தான். அழுதுகொண்டே இருந்தால் ராத்திரி வந்துவிடும் என்றான். காவலுக்கு ஆள் இல்லை. பாம்பு இந்தப் பக்கம்தான் திரிகிறது. தாழ்ப்பாள்களை இப்போதே கொண்டுவந்து கொடுத்துவிட்டால், இன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிடலாம்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் கட்டையைக் கழற்றி வந்து பூனையின் காலடியில் போட்டார்கள். கட்டைகள் குவிந்தன. காடை தன் வீட்டுக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். அவளுக்கு மணலில் பார்த்த தடம் ஞாபகம் வந்தது. கடைசியில் அவளும் போட்டாள்.

அப்போது கதவு திறந்தது.

புஷ்பக்கா வாசலில் நின்றாள். பாதிக் கண்தான் திறந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்தாள், அழுகையைப் பார்த்தாள். நேராகப் போய்க் காடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ, இப்படி விட்டுட்டுப் போயிட்டாங்களே," என்று அவளும் சேர்ந்து அழுதாள். நாலு தடவை மார்பில் அடித்துக்கொண்டாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, காடையின் காதோரம் கேட்டாள்.

"யாரு போனது?"

"நீங்கதாங்க்கா," என்றாள் காடை, விம்மிக்கொண்டே.

"நானா? எப்ப?"

"மத்தியானம்."

"எனக்கு யாருமே சொல்லலியே," என்றாள் புஷ்பக்கா.

அதற்குப் பிறகுதான் காடை யாரைக் கட்டிப்பிடித்திருக்கிறோம் என்று பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் தவளைகள் மேளத்தோடு குளத்தில் விழுந்தன. தலைவர் முயல் தன் மனைவிக்குப் பின்னால் ஒளிந்தார். பேய் என்று கத்த நினைத்த அணில், பழக்கதோஷத்தில் மயங்கிவிட்டான்.

"எங்கம்மா தூங்கத்தானே செஞ்சாங்க," என்றான் மொச்சை. சொல்லிவிட்டுப் புதருக்குப் பின்னால் ஓடினான். நாவல்பழம் போனது.

விஷயம் புரிந்ததும் கூட்டத்துக்கு வெட்கமாகிவிட்டது. சிலர் சிரித்தார்கள். புஷ்பக்கா சிரிக்கவில்லை. அவள் தாழ்ப்பாள் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் ஏன் இங்கே கிடக்கிறது என்று கேட்டாள்.

"பயப்படாதீங்கக்கா," என்றான் காட்டுப்பூனை. "எல்லாத்தையும் நான் பார்த்துக்குவேன். எனக்கு எல்லா வீடும் அத்துப்படி. முயல் வீட்ல நாலு குட்டி. காடை வீட்ல ஆறு குஞ்சு, அதுல ரெண்டு நல்ல சதைப்பிடிப்பு."

எல்லாரும் பூனையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எது சதைப்பிடிப்புன்னு உனக்கு எதுக்குத் தம்பி?" என்றாள் புஷ்பக்கா.

பூனை வாயைத் திறந்தான். நாக்கு ஒரு தடவை வெளியே வந்து மீசையைச் சுற்றிவிட்டு உள்ளே போனது. அவன் சொல்ல வந்ததை விட அதுவே தெளிவாகச் சொல்லிவிட்டது. காடை பாய்ந்துபோய்த் தன் தாழ்ப்பாள் கட்டையை எடுத்தாள். எடுத்த வேகத்தில் பூனையின் மூக்கில் ஒன்று வைத்தாள். பிறகு ஆளாளுக்குக் கட்டையை எடுத்தார்கள். தனக்கு அக்கரையில் ஒரு அவசர வேலை இருப்பது பூனைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சூரியன் பனைமர உச்சிக்கு இறங்கிவிட்டது. புஷ்பக்காவுக்கு நின்றபடியே கண் சொருகியது. இன்று ராத்திரியும் பாம்பு வரும்.

தலைவர் முயல் தொண்டையைச் செருமினார். நிலா தென்னைக்கு மேலே ஏறும்வரை நாங்களே பாறையில் உட்காருகிறோம், அதுவரை நீ தூங்கு என்றார். அவர் மீசை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சொல்லிவிட்டார். காடை தானும் வருவதாகச் சொன்னாள். கையிலிருந்த கட்டையை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

ஒன்றுதான் பாக்கி. கதவைத் திறந்து போட்டால் ஆட்கள் வருவார்கள். சாத்தினால் அழுவதற்கு வருவார்கள். பெரியவர்கள் எல்லாரும் இதை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்கள்.

மொச்சை புதருக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்தான். இப்போது அவனுக்கு நிம்மதியாக யோசிக்க முடிந்தது.

"செத்தவங்க எழுந்துவந்து தாழ்ப்பாள் போடுவாங்களா?" என்று கேட்டான்.

போட மாட்டார்கள் என்று கூட்டம் ஒத்துக்கொண்டது. அப்படியானால் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டால், ஆள் உயிரோடு தூங்குகிறாள் என்று அர்த்தம். யாரும் அழ வேண்டாம், கஷாயம் வேண்டாம், பார்த்துவிட்டும் போக வேண்டாம். தலைவர் முயலுக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. முதல் தடவையாக அது உண்மையிலேயே நியாயமாக இருந்தது.

புஷ்பக்கா உள்ளே போனாள். குட்டிகள் வாசலிலேயே உட்கார்ந்து விரலை உதட்டில் வைத்துக்கொண்டன. இந்த முறை அவள் அவர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். வெளியே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கூர்மையாக்கினார்கள். ஆனால் தாழ்ப்பாள் போடுவதற்குள் புஷ்பக்கா படுத்துத் தூங்கிவிட்டாள். பிறகு உள்ளே சுள்ளி குனிந்தான், வேம்பு அவன் முதுகில் ஏறினாள், மொச்சை அவள் தோளில் ஏறினான்.

'சரக்' என்று தாழ்ப்பாள் விழுந்தது.

நமக்காக விழித்திருப்பவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, அவரை நிம்மதியாகத் தூங்க விடுவதுதான்.