யானை சொன்ன ஸாரி

சுற்றுலா வண்டிகள் வந்துபோகும் ஒரு காட்டில் மிளகி என்றொரு சுண்டெலி இருந்தது. ஒருநாள் அது இரை தேடிவிட்டுத் திரும்பியபோது வளையைக் காணோம். வளை இருந்த இடத்தில் ஒரு யானையின் வலது முன்னங்கால் நின்றது.

உள்ளே மிளகியின் ஐந்து குட்டிகள். மண்ணுக்கடியில் கீச்கீச்சென்று கேட்டது, உயிரோடுதான் இருந்தன. ஆனால் வளைக்கு வேறு வாசல் கிடையாது. காற்றுப் போக வழியில்லை.

"அண்ணே! அண்ணே! என் வீட்டு வாசல்ல நிக்கிறீங்க!"

யானை குனிந்து பார்த்தது. அதன் முகம் மலர்ந்தது. ஒரு வாரமாக அது, சுற்றுலா விடுதியில் வளர்ந்த ஒரு மைனாவிடம் ஆங்கிலம் படித்து வந்தது. மன்னிப்புக் கேட்கும் பாடம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. சொல்லிப் பார்க்க ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தது, பாவம்.

"ஐ ஆம் ஸாரி, தங்கச்சி!"

"சரிங்கண்ணே, காலை எடுங்க."

"இதுக்கு மனசு ஆறலை போலிருக்கே" என்று யானை, முதுகில் இருந்த மைனாவைக் கேட்டது.

"அடுத்ததைச் சொல்லுங்க" என்றது மைனா.

"ஐ ஆம் வெரி ஸாரி!"

"பிள்ளைங்க உள்ள இருக்குதுங்கண்ணே!"

"ஐ ஆம் எக்ஸ்ட்ரீம்லி ஸாரி!" யானைக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது, தன் உச்சரிப்பை நினைத்து.

மைனா மிளகியை அதட்டியது. "ஒருத்தர் இவ்வளவு கேட்டா, 'இட்ஸ் ஓக்கே'ன்னு பதில் சொல்லணும். மரியாதை தெரியாதா உனக்கு?"

சொன்னாலாவது நகரும் என்று நம்பி, மிளகி அழுகையை விழுங்கிக்கொண்டு, "இட்ஸ் ஓக்கே" என்றது.

"ஆகா, எவ்வளவு பொருத்தமான பதில்!" யானை காதை ஆட்டியது. "வா, முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லுவோம்."

கீச்சொலி மெலிந்துகொண்டே போனது. இனி அழுதால் இன்னொரு ஸாரிதான் வரும். மிளகி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"உங்க இங்கிலீஷ் பிரமாதம்ணே. ஒரே ஒரு குறைதான்."

யானை பதறிவிட்டது. "குறையா? என்ன குறை?"

"வண்டியில வர்ற வெளிநாட்டுக்காரங்களை நான் பார்த்திருக்கேன். ஸாரி சொல்லும்போது வலது காலைத் தூக்கிக்கிட்டுத்தான் சொல்லுவாங்க."

"இதை நீ சொல்லித் தரவேயில்லையே!" யானை மைனாவை முறைத்தது.

தெரியாது என்று சொல்ல மைனாவுக்கு வெட்கம். "அது... அடுத்த பாடம்" என்றது.

யானை காலைத் தூக்கியது. மிளகி மண்ணைப் பறித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு வந்து புல்லில் போட்டது. ஐந்தாவது குட்டி அசையவில்லை. மிளகி அதை நக்கி நக்கிப் புரட்டியது. குட்டி ஒரு தும்மல் போட்டது.

தூக்கிய காலோடு யானை பார்த்துக்கொண்டே நின்றது.

"ம், சொல்லுங்க... எக்ஸ்ட்ரீம்லி..." மைனா எடுத்துக்கொடுத்தது.

"நீ கொஞ்சம் வாயை மூடு" என்றது யானை. காலைத் தள்ளி வைத்து, இறுகிப்போன மண்ணைத் தும்பிக்கையால் மெல்லக் கிளறி ஒதுக்கி, வளையைத் திறந்துவிட்டது. பிறகு தாழ்ந்த குரலில், "பிள்ளைங்க ரொம்பப் பயந்துடுச்சா, தங்கச்சி?" என்று கேட்டது.

"பரவாயில்லைண்ணே" என்றது மிளகி. "பார்த்துப் போங்க."

நீதி: மிதித்தவர் முதலில் காலை எடுக்க வேண்டும், மன்னிப்பை அப்புறம் கேட்கலாம்.